என் பக்க மட்கார்டு

வீடு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நான் சுகம். வண்டி என்னைவிடச் சுகம். அங்கே வேலையிடத்தில் நீங்களும் உங்கள் பம்புகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். போன கடிதத்தில் பம்புகளின் உடல்நிலை ஒன்றரைப் பக்கத்துக்கு வந்திருந்தது. உங்களைப் பற்றி ஒரே ஒரு வரி, "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று. நல்லா இருக்கிற மனுஷன் அப்படி எழுத மாட்டான்.

முதலில் நல்ல செய்தி. காரின் பெயின்ட் வேலை முடிந்துவிட்டது. நேற்று டிங்கர் தார்ப்பாயை உருவியதும் மாடி வீட்டுக்காரர் சட்டைகூடப் போடாமல் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார். அதே கரும்பச்சை. டிங்கர் மட்கார்டில் முகம் பார்த்து மீசையை நீவிக்கொண்டார். ஸ்போக் சக்கரம், டேஷ்போர்டின் மரப்பலகை, இரண்டே இரண்டு இருக்கைக்கும் அதே பழுப்புத் தோல், வேகம் காட்டும் வட்டத்தில் அதே வெள்ளை முள், எல்லாம் நீங்கள் எழுதிய எழுத்து மாறாமல் வந்திருக்கிறது. நீங்கள் அங்கிருந்து எழுத எழுத நான் இங்கே கடை கடையாக அலைந்து சேர்த்தது. இந்த மூன்று வருடத்தில் நமக்குள் நடந்த குடித்தனம் இதுதான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?

மீதி இருப்பது ரேடியோ ஏரியல் மட்டும். விபத்தில் நசுங்கியது என் பக்க மட்கார்டு என்பதால் அதைப் புதிதாகப் போட்டோம் இல்லையா, அதில் ஏரியலுக்கு ஓட்டை கிடையாது. இனிமேல்தான் போட வேண்டும். டிங்கர் கையைப் பிசைகிறார். "ஓட்டை போட்டுட்டா போட்டதுதாம்மா. அப்புறம் அடைச்சா பெயின்ட்டே காட்டிக் கொடுத்துடும். எந்த ஏரியல், எந்த இடம்னு சார்கிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்கிறார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. துணியில் கத்திரி வைக்கும்போது எனக்கும் அப்படித்தான்.

முதல் ஏரியலை நீங்கள் வேண்டாம் என்றது நியாயம். அந்த ரப்பர் குச்சி இந்த வண்டியில் எலி வால் மாதிரி இருந்தது. இரண்டாவது, இழுத்தால் நீளும் குரோம் கம்பிதான், ஆனால் நுனி ஆணித்தலை போல் தட்டையாக இருக்கிறது, அந்தக் காலத்தில் சின்ன உருண்டை இருக்கும், அந்தக் காலத்து வண்டிக்கு இது ஒட்டாது என்று எழுதினீர்கள். அதுவும் சரிதான். முதலாவதை வைத்து நான் பரண்மேல் இருக்கும் பைகளை இழுத்துத் தள்ளுகிறேன். இரண்டாவதை உங்கள் தங்கை ஜன்னல் திரை தள்ள எடுத்துப் போய்விட்டாள். இனி வாங்குவதையாவது வண்டியில் மாட்ட வேண்டும்.

ஆலையில் வேலை அதிகம். பள்ளிச் சீருடை வெட்டுகிறோம், மேசை நிறைய நீலத் துணி. எனக்கு மட்டும் உயரமான ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று முன்பே எழுதினேன். முட்டி மழைநாளில் மட்டும் கொஞ்சம் முணுமுணுக்கிறது. மற்ற நாளில் நான் அதை மறந்தே போகிறேன்.

கடைசியாக ஒன்று. அடுத்த மாதக் கடைசியோடு உங்கள் ஒப்பந்தம் முடிகிறது என்று எனக்குத் தெரியும். புதுக் கையெழுத்து கேட்பார்கள் என்பதும் தெரியும். ரயிலில் ஏறும்போது நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்று. "வண்டி பழையபடி ஆகட்டும், அன்னைக்கே கிளம்பி வந்துடறேன்." அதைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். ஏரியல் விஷயத்தில் சட்டென்று ஒரு முடிவு சொல்லுங்கள். அதற்குள் எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியும் வண்டியின் காவல்காரியும்


வீடு
வெள்ளிக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று உங்கள் கடிதம் வந்தது. நான்கு பக்கம். எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தபால் வண்டி கிளம்பும் அவசரத்தில் முழங்காலில் வைத்து எழுதினீர்களா? ஆனாலும் போனைவிடக் கடிதம் எனக்குப் பிடித்திருக்கிறது. போனில் சாப்பிட்டாயா என்கிறீர்கள், சாப்பிட்டேன் என்கிறேன், அதோடு இரண்டு பேரும் லைனுக்குக் காவல் நிற்கிறோம்.

மோட்டார் ஏரியல் போடு என்று எழுதியிருக்கிறீர்கள். ரேடியோ ஸ்விட்சைப் போட்டால் தானாக மேலே வந்து, அணைத்தால் தானாக உள்ளே போய்விடுமாம். இதை எழுதியது நீங்கள்தானா என்று கையெழுத்தை இரண்டாம் தடவை பார்த்தேன். பொத்தானை அமுக்கினால் கண்ணாடி இறங்கும் கார்களைப் பார்த்து, இதுக்கு ஒரு மோட்டாரா, கை என்ன வேண்டுதலுக்கா இருக்கு என்று சிரித்தவர் ஆயிற்றே.

சரி என்று ரேடியோக்கடைக்குப் போனேன். அதே நீளமான குறுகல் கடை. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு அதையே மேசை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தேன். அப்புறம் பாவம் என்று சொல்லிவிட்டேன். அவர் சொல்வதில் பாதி கதை என்று உங்களுக்கே தெரியும். உலகத்தில் உள்ள எல்லா ரேடியோவையும் தானே கண்டுபிடித்த மாதிரி பேசுவார். ஆனால் மோட்டார் ஏரியல் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "இந்த வண்டி வந்த வருஷத்துல அதெல்லாம் நீள நீளமா போற பெரிய வண்டிக்குத்தான்மா. ரெண்டு சீட்டு வண்டின்னா கையால இழுக்கறதுதான். சாருக்கு இது தெரியாமலா இருக்கும்?" என்றார்.

நானும் அதையேதான் கேட்கிறேன். வேகம் காட்டும் முள் வெள்ளையா சிவப்பா என்பதற்கு இரண்டு மாதம் கடிதம் எழுதியவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

இருந்தாலும் நீங்கள் கேட்டதற்காக ஒரு மோட்டார் ஏரியலை வாங்கி வைத்திருக்கிறேன். மூன்றாவது. பேட்டரியில் கம்பி கொடுத்துப் பார்த்தோம். நடுவில் நின்று முனகிவிட்டு, பிறகு மனசு மாறி மேலே போயிற்று. டிங்கர் அதற்குக் கிழவன் என்று பெயர் வைத்துவிட்டார். இது வேண்டாம் என்று நீங்களே எழுதிவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

இன்று ஆலையிலிருந்து வந்ததும் ஷெட்டுக்குப் போய் வண்டிக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம்தான். பழக்கம். சுவர் இடிப்பதால் கதவு பாதிதான் திறக்கிறது, ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். ரேடியோவைப் போட்டேன். உங்களுக்கு நினைவிருக்கும், அது சூடேறக் கொஞ்ச நேரம் எடுக்கும். முதலில் மஞ்சள் விளக்கு, பிறகு இரைச்சல். ஏரியல் இல்லாததால் இரைச்சல் மட்டும்தான். முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நகர்த்தினேன். ஓர் இடத்தில் யாரோ பேசுவது போலிருந்தது, என்னவென்று புரியவில்லை. உங்களோடு போனில் பேசிய மாதிரியே இருந்ததால் அணைக்க மனசு வரவில்லை.

வீட்டில் ஸ்விட்சுகளுக்குப் பக்கத்தில் நீங்கள் ஒட்டிவைத்த காகிதத் துண்டுகள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்துவிட்டன. எது எந்த விளக்கு என்று எனக்கு எப்போதோ மனப்பாடம். ஆனாலும் விழுந்ததை எடுத்துப் பசை போட்டுத் திரும்ப ஒட்டுகிறேன். சமையலறைக் குழாயில் "மெதுவாகத் திற" என்று எழுதியிருக்கிறீர்கள் இல்லையா, அது இன்னும் விழவில்லை. தினமும் நீங்கள் எனக்குச் சொல்வது இப்போது அது ஒன்றுதான்.

சீக்கிரம் பதில் போடுங்கள். உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. இதைச் சுற்றி வளைத்து எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

உங்கள் மனைவி


வீடு
செவ்வாய்

அன்புள்ள உங்களுக்கு,

இது கோபமான கடிதம். நலம் விசாரிப்பு அடுத்ததில்.

மோட்டார் வேண்டாம் என்றால் பின்பக்க மட்கார்டில், உங்கள் பக்கத்தில் வை என்கிறீர்கள். அடுத்த பத்தியிலேயே, ஏரியல் இல்லாமலும் இருக்கலாம், ரேடியோ இல்லாமலே நிறைய வண்டி விற்றார்கள், அந்தக் காலத்து வண்டிக்கு அதுவும் ஒட்டும் என்கிறீர்கள். ஒட்டுமாம். உருண்டைக்கும் தட்டைக்கும் வித்தியாசம் பார்த்து ஒரு நல்ல ஏரியலைத் திரை தள்ள அனுப்பிவைத்தவர் நீங்கள்.

அதற்கும் கீழே, பக்கத்தின் ஓரத்தில், இடம் போதாமல் எழுதின மாதிரி, "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க, யோசிக்கிறேன்" என்று ஒரு வரி. உங்களுக்கு நிஜமாகவே இடம் போதவில்லையா? பின்பக்கம் காலியாக இருந்ததே.

உங்கள் தங்கை வந்திருந்தாள். கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "அண்ணி, அவன் வர்றதுக்கு இல்ல. வண்டியை வித்துடுங்க, ஷெட்டாவது காலியாகும்" என்றாள். உங்கள் தங்கை என்பதால் காபி கொடுத்து அனுப்பினேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் காபியும் கிடைத்திருக்காது.

ஒரு செய்தி. ரேடியோக்கடைக்காரர் எங்கேயோ தேடி ஓர் ஏரியல் கொண்டுவந்துவிட்டார். நம்முடையதேதான். அதே கம்பெனி, அதே குரோம் உருண்டை, அடியில் அதே சின்னப் பூட்டு. சாவி போட்டுத் திறந்தால்தான் கம்பி வெளியே வரும், யாரும் உடைத்துக்கொண்டு போகாமல் இருக்க. நம் பழைய ஏரியலிலும் அப்படித்தானே. ஆனால் சாவி இல்லை. "இந்தக் கம்பெனிப் பூட்டு எல்லாம் ஒரே மாதிரிதான், ஆனா இப்ப சாவிக்கு எங்க போறது" என்று அவர் உதட்டைப் பிதுக்கினார். நான் கைப்பையின் உள்பையிலிருந்து நம் பழைய சாவியை எடுத்து நீட்டினேன். விரல் நகம் அளவுதான் இருக்கும். இத்தனை நாளாக அங்கேதான் இருக்கிறது. திறந்தது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இந்த ஏரியல் இருந்த இடத்திலேயே இருக்கும். என் பக்கம், முன் மட்கார்டு, முன் கண்ணாடிக்குக் கிட்டே. உங்கள் அனுமதிக்காக எழுதவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன்.

உங்கள் மனைவி


வீடு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

இதை உட்கார்ந்து படியுங்கள். பயப்பட ஒன்றும் இல்லை, நான் நன்றாக இருக்கிறேன், வண்டியும் நன்றாக இருக்கிறது. போன கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. போடவேண்டிய அவசியம் இப்போது இல்லை. எனக்கே விளங்கிவிட்டது.

நேற்று ஓட்டைக்கு இடம் குறித்தோம். நசுங்கிய பழைய மட்கார்டை டிங்கர் இன்னும் தூக்கிப் போடவில்லை, ஷெட்டின் மூலையில் கிடக்கிறது. நசுங்கியது முன்பாதிதான். கண்ணாடிப் பக்கம் இருக்கிற பின்பாதி, ஏரியல் இருந்த ஓட்டை உட்பட, அப்படியே இருக்கிறது. அதற்குப் பேட்டர்ன் எடுத்துவிட்டால் அளவு ஒரு நூல்கூடப் பிசகாது என்று சொன்னேன். எத்தனை ஆயிரம் சட்டைக்குப் பேட்டர்ன் போட்ட கை. பிரவுன் பேப்பரை விரித்து, பானட் ஓரம், கதவு ஓரம் எல்லாம் கோடிழுத்து, ஓட்டையைக் குறித்து வெட்டினேன்.

கொண்டுபோய் என் பக்க மட்கார்டில் வைத்தால் பேப்பர் உட்காரவே இல்லை. ஓர் ஓரம் பொருந்தினால் இன்னோர் ஓரம் எகிறியது. டிங்கர் அதை என் கையிலிருந்து வாங்கி, சுற்றி வந்து உங்கள் பக்க மட்கார்டில் வைத்தார். அச்சில் வார்த்த மாதிரி படுத்துக்கொண்டது. "பாத்தீங்களாம்மா, இந்தப் பக்கம்தான். சாரும் தன் பக்கம்னுதானே எழுதியிருக்காரு" என்று சாக்பீசால் ஒரு வட்டமும் போட்டுவிட்டார்.

பழைய மட்கார்டு மூலையில் மல்லாந்து கிடந்தது. நான் உட்புறத்திலிருந்து அளவு எடுத்துவிட்டேன். எங்கள் மேசைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்பு அது. பேட்டர்னைப் புரட்டிப் போட்டு, சட்டையின் இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி வைப்பார்கள். அதற்காக எத்தனை பேரை வாங்கு வாங்கு என்று வாங்கியிருக்கிறேன். அதே தப்பை நான் செய்து, டிங்கர் ட்ரில்லுக்குப் பிளக்கைச் செருகும் வரைக்கும் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

நிறுத்துங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, உங்கள் பக்கத்து அந்தச் சாக்பீஸ் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏரியல் அங்கே இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். ரேடியோ கரகரக்கும். நீங்கள் வண்டியை நிறுத்துவீர்கள். நீங்களே இறங்கி இழுத்துவிட்டு வந்து உட்காருவீர்கள். நான் கதவைக்கூடத் திறக்க மாட்டேன்.

அப்போதுதான் மண்டையில் ஏறியது. மோட்டார் ஏரியல் என்றால் யாருமே இறங்க வேண்டாம். பின் மட்கார்டு, உங்கள் பக்கம் என்றால் நீங்கள் இறங்கினால் போதும். ஏரியலே இல்லை என்றால் வண்டி எங்கேயும் நிற்கவே வேண்டாம். நான் இறங்காமல் இருப்பதற்கு ஓர் இடம் தேடி நீங்கள் அந்த வண்டியைக் கடிதத்திலேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறீர்கள். நான் அது தெரியாமல் குரோம் உருண்டையைத் தேடி ஊரெல்லாம் அலைந்திருக்கிறேன்.

அந்த விபத்தைப் பற்றி நாம் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நீங்கள் சொன்னதைக் கட்டிலில் படுத்தபடி கேட்டேன். "நான்தான் டாக்டர் அவளை இறங்கச் சொன்னேன்." டாக்டர் கேட்டது என் ரத்தப் பிரிவை. நீங்கள் சொன்ன பதில் அது.

அன்றைக்கு நடந்ததை நான் சொல்கிறேன். கார் ஓட்டிய நீங்கள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நான்தான் எல்லாவற்றையும் பார்த்தவள். வளைவு தாண்டியதும் ரேடியோ இரைந்தது. நீங்கள் ஓரமாக நிறுத்தினீர்கள், நன்றாகவே ஓரம் கட்டித்தான் நிறுத்தினீர்கள். நான் சாவியை எடுத்து, கதவைத் திறந்து, ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டேன். அதற்கு அப்புறம்தான், "ஏரியலைக் கொஞ்சம் இழுத்து விடேன்" என்று உங்கள் குரல் பின்னாலிருந்து கேட்டது. கல்யாணமான புதிதிலிருந்து அது என் வேலை. நீங்கள் சொல்லி நான் இறங்கவில்லை. நீங்கள் வாய் திறக்காமல் இருந்திருந்தாலும் நான் இறங்கியிருப்பேன். எதிரில் வந்த வேன்காரர் தூங்கிப்போனார், சாலையை விட்டு இறங்கி வந்து மோதினார். அவரே ஒத்துக்கொண்டதுதான். நீங்கள் மட்டும்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

விடுமுறைக்கு வந்தீர்களே ஒரு தடவை, அப்போது ஷெட் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் அடுப்பங்கரையிலிருந்து ஹாலுக்கு நடந்து வந்தால் நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள். விடுமுறை பாக்கி இருக்கும்போதே பம்பில் ஏதோ கோளாறு என்று கிளம்பிவிட்டீர்கள். அடிபட்டது என் கால். ஓடிக்கொண்டிருப்பது நீங்கள். இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன்.

எனக்கு உங்கள்மேல் கோபம் இருக்கிறது. ஆனால் அது அந்த வளைவில் நடந்ததற்காக இல்லை. அதற்குப் பிறகு நீங்கள் இங்கே இல்லாததற்காக.

உங்கள் மனைவி


வீடு
திங்கட்கிழமை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை, நீங்கள் இல்லாத குறையைத் தவிர. உங்கள் பம்புகளை நான் இனிமேல் விசாரிக்கப் போவதில்லை.

கடிதம் இல்லை. போன வாரம் போன் மட்டும் வந்தது. லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். மூக்கை உறிஞ்சும் சத்தம் எந்த லைனிலும் தெளிவாகக் கேட்கும். நானும் இந்தப் பக்கம் அதையேதான் செய்துகொண்டிருந்தேன், உங்களுக்குக் கேட்டதோ என்னவோ.

ஓட்டை போட்டாயிற்று. பேட்டர்னைச் சரியான பக்கத்துக்குப் புரட்டி என் பக்க மட்கார்டில் வைத்தேன், பிசகில்லாமல் உட்கார்ந்தது. பெயின்ட் பெயராமல் இருக்கச் சுற்றிலும் டேப் ஒட்டினோம். டிங்கர் ட்ரில்லை என் கையில் கொடுத்து, "நீங்களே போடுங்கம்மா, எனக்குக் கை வரல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலில் சின்ன ஓட்டை, பிறகு பெரியது. பச்சைக்குக் கீழே தகரம் பளிச்சென்று தெரிந்தது. விளிம்பில் துரு ஏறாமல் பெயின்ட் தொட்டு, ரப்பர் வளையம் வைத்து, ஏரியலைப் பூட்டினோம். ஒரே ஒரு தடவை சாவி போட்டு மேலே இழுத்துப் பார்த்தேன். ரேடியோவில் யாரோ வானிலை அறிக்கை படித்தார்கள். சில இடங்களில் லேசான மழை பெய்யுமாம். டிங்கர் கை தட்டினார். நான் ஷெட்டுக்கு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஆக, வண்டி முடிந்துவிட்டது. இனி நீங்கள் எழுதிக் கேட்க ஓர் ஆணிகூடப் பாக்கி இல்லை.

இப்போது நான் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். போன மழைக்காலத்திலிருந்து நான் கார் ஓட்டப் படிக்கிறேன். டிரைவிங் ஸ்கூலில் எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மா வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டே பிரேக் பிரேக் என்று அலறுவார். முதல் தடவை டெஸ்டில் பின்னால் எடுக்கும்போது தார் டிரம்மை இடித்துத் தள்ளி ஃபெயில் ஆனேன். இரண்டாம் தடவை லைசன்ஸ் கொடுத்துவிட்டார்கள். முட்டி முழுசாக மடங்காததால் இருக்கையைப் பின்னால் தள்ள வேண்டியிருக்கிறது, அதனால் நம் வண்டியின் கிளட்ச் என் காலுக்குச் சரியாக எட்டவில்லை. டிங்கர் பெடல்மேல் ஒரு கட்டை வைத்து முடுக்கிக் கொடுத்திருக்கிறார். அந்தக் காலத்து வண்டிக்கு அது ஒட்டாது என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் காலத்துக் கால் என்னிடம் இல்லை. இருக்கிற காலுக்கு அது நன்றாகவே ஒட்டுகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் அந்த வளைவு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன். உங்கள் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அது ஒரு சாதாரண வளைவுதான். ஓரத்தில் யாரோ இளநீர் விற்கிறார்கள். இரண்டு பேரும் குடித்துவிட்டுத் திரும்பினோம். வரும் வழியில் அவள் ஒன்று சொன்னாள். இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேன் என்று நீங்கள் அவளிடம் சத்தியம் செய்தீர்களாம். என்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னீர்களாம்.

சரி, தொட வேண்டாம். யார் உங்களைத் தொடச் சொன்னது? ஸ்டியரிங் இனி என்னிடம் இருக்கட்டும். என் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, அங்கே நீங்கள் உட்காருங்கள். ஏரியல் வேலை எப்போதும் அந்த இருக்கையில் இருப்பவருடையது.

கம்பியை இறக்கிப் பூட்டிவிட்டேன். சாவியை இந்தக் கடிதத்தோடு ஒரு துணித் துண்டில் மடித்துத் தைத்து வைத்திருக்கிறேன், உறையை உதறிப் பார்க்காமல் போட்டுவிடாதீர்கள். இங்கே வேறு சாவி இல்லை. இந்த வண்டியில் ரேடியோ கேட்க வேண்டும் என்றால் நீங்கள் வந்தால்தான் உண்டு.

மாதக் கடைசியில் அவர்கள் காகிதத்தை நீட்டும்போது உங்கள் கையில் இந்தச் சாவி இருக்கட்டும். எந்த ரயில் என்று மட்டும் எழுதுங்கள். ஸ்டேஷனுக்கு நானே வண்டி எடுத்து வருகிறேன். வழியில் ரேடியோ கரகரத்தால் நன்றாக ஓரம் கட்டுவேன், ஹேண்ட் பிரேக் போடுவேன், முன்னாலும் பின்னாலும் இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொல்லுவேன். அப்புறம் நீங்கள் இறங்கினால் போதும். நீங்கள் ஏரியலை இழுத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தும் வரைக்கும் நான் சாலையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன்.

வழியில் பத்திரம். நல்லபடியாக வந்து சேருங்கள்.

உங்களுக்காகக் காத்திருக்கும்,
உங்கள் டிரைவர்